வீட்டிலேயே காருக்கு இன்ஜின் ஆயில் மாற்றலாம்: கீழிருந்து மூன்று வழி, மேலிருந்து ஒரு வழி

ஆறு வருடத்துக்கு முன், எங்கள் வீட்டுக் கார் சர்வீஸ் முடிந்து வந்த நான்காம் நாள், நிறுத்தியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் திட்டு. அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சட்டிக்கு சம்ப் என்று பெயர்; அதை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் வைத்து லேசாகத் திருகினால் இறுகவில்லை, சும்மா சுற்றியது. கீழே வாளியை வைத்துவிட்டுக் கழற்றினேன். போல்ட்டின் மரையில் பென்சில் சீவல் போல அலுமினியச் சுருள் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஏதோ அவசரத்தில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருக்கிறார்கள். சம்ப்பின் மரை முழுக்க உருவிவிட்டது.

சம்ப்பைக் கழற்றி கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைப் பெரியவர் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் மரையைப் பதித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "அடுத்த தடவை நீங்களே மாத்திக்குங்க தம்பி. குட்டை ஸ்பேனரே போதும். நீட்டமா எடுத்தீங்கன்னா கைக்குத் தெரியாமலே மரையைத் தின்னுரும்" என்றார். அன்றிலிருந்து நானேதான் மாற்றுகிறேன். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் கார்களுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை மொத்தமே நான்குதான்: பழைய ஆயிலை எடுப்பது, ஃபில்டரை மாற்றுவது, புது ஆயில் ஊற்றுவது, கசிவு பார்ப்பது. பழைய ஆயிலை எடுப்பதில் மட்டும்தான் ஆளுக்கொரு வழி. எந்த வழியில் போனாலும் உயிரைக் கொடுத்துக் கவனிக்க வேண்டியவை இரண்டு: காருக்கு அடியில் கிடக்கும் உங்கள் உடம்பு, ஆயிலை அடைத்து நிறுத்தும் அந்த மரை. மற்றதெல்லாம் இரண்டு தடவை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி காலம் முடியாத கார் என்றால் கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது கோளாறு என்று போனால், சர்வீஸ் வரலாற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

எந்த ஆயில், எத்தனை லிட்டர்

காரோடு வந்த கையேட்டை எடுங்கள். அதில் மூன்று விவரம் வேண்டும்: ஆயிலின் கிரேடு, அதன் தரக்குறியீடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்ற அளவு.

கிரேடு என்பது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று டப்பாவின் மேல் பெரிதாக இருக்கும் எண். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கானது. எண் சிறியதாக இருந்தால் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடானபின் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

"நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் சரி" என்று கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார். மாருதி 800, அம்பாசடர் காலத்து இன்ஜின்களுக்கு கெட்டி ஆயில் பொருத்தம்தான். இன்றைய இன்ஜின் அப்படியில்லை. வெளியே 25 டிகிரியோ 42 டிகிரியோ, தெர்மோஸ்டாட் இன்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். ஆயில் போகும் துவாரங்கள் மிகக் குறுகல். வால்வு நேரத்தை மாற்றும் பாகம் ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. 0டபிள்யூ-16 கேட்கும் புது இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றினால் மைலேஜும் குறையும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும். கையேடு இரண்டு கிரேடைச் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று. சொல்லாத மூன்றாவதைத் தொட வேண்டாம்.

தரக்குறியீடு பெட்ரோல் காருக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என், எஸ்பி என்று வரும். எஸ்பி என்பது 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எஸ்என் கேட்கும் காரில் தாராளமாக எஸ்பி ஊற்றலாம். டீசல் காரில் இன்னும் கவனம் தேவை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்6 டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாதாரண டீசல் ஆயில் எரியும்போது வரும் சாம்பல் அதை அடைத்துவிடும். சாம்பல் குறைவாக வரும் ஆயில் இதற்கென்றே உண்டு. டப்பாவில் ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கத்தின் குறியீடாக ACEA C2, C3 என்று போட்டிருக்கும். உங்கள் கையேட்டில் எது இருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். பைக்குக்கு வாங்கி மீந்துபோன 4டி ஆயிலைக் காரில் ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் வகைக் கார்களுக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். இன்னோவா கிரிஸ்டா டீசல் 7 லிட்டருக்கு மேல் விழுங்கும். கடையில் 3, 3.5, 4 லிட்டர் டப்பாக்கள் கிடைக்கும். கொஞ்சம் மிஞ்சுவது நல்லதுதான். பின்னால் டாப்-அப் செய்ய உதவும்.

போலி ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூடியின் சீல் வளையம், உள் அலுமினிய சீல், தயாரித்த தேதி, ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியீடு, இவை நான்கையும் கடையிலேயே பாருங்கள். பில் வாங்குங்கள். உங்கள் டப்பா இனித் தேவையில்லை என்றானதும் கத்தியால் குறுக்கே கிழித்துவிட்டுப் போடுங்கள். காலி டப்பா முழுசாகக் குப்பைக்குப் போனால், அதில் போலி ஆயிலை நிரப்பி இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களில் வழக்கமான பதில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. தினம் மூன்று கி.மீ. மட்டும் ஓட்டி ஆபீஸ் போய் வரும் காருக்கு அந்த ஒரு வருடம்தான் கணக்கு. இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்துகொண்டே போகும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான கேஜில் நிறம் கறுத்ததைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நாளிலேயே மைபோலக் கறுத்துவிடும். கரியைத் தன்னில் சுமப்பதும் அதன் வேலைதான்.

சாமான்கள்

சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். டொயோட்டாவில் பெரும்பாலும் 14 மி.மீ., ஹோண்டா, ஹூண்டாயில் 17 மி.மீ. பொருந்தும், உங்கள் காருக்கு ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன் எண்ட் ஸ்பேனரை இதற்கு எடுக்கவே கூடாது, போல்ட்டின் தலை உருண்டுவிடும். ஃபில்டரைக் கழற்ற ஒரு கப் ரெஞ்சு அல்லது பட்டை ரெஞ்சு. 6 லிட்டராவது பிடிக்கும் அகலமான தட்டுத் தொட்டி. புனல், நைட்ரைல் கையுறை, பனியன் வேஸ்ட், பழைய அட்டைப்பெட்டி ஒன்று. புது ஃபில்டர். போல்ட்டுக்குப் புது வாஷர். பத்து, இருபது ரூபாய்ப் பொருள், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்தவை. பழையதையே போட்டால் கசியும், கசிகிறதே என்று மேலும் இறுக்குவோம், மரை போகும்.

எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சு இருந்தால் மிக நல்லது. சிறிய பெட்ரோல் கார்களின் டிரெயின் போல்ட் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்க வேண்டியது. ஒரு சாண் நீள ஸ்பேனரை ஒரு கையால் திடமாக இழுக்கும் அளவுதான் அது. காலால் மிதிக்கவோ, பைப் மாட்டி நீட்டவோ இங்கே இடமே இல்லை.

முதல் வழி: ஜாக்கியும் ஸ்டாண்டும்

சமதளமான சிமெண்டுத் தரை வேண்டும். மண் தரையில், தூக்கிய காரின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டு புதையும். வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் அப்படித்தான்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மேனுவல் காரை முதல் கியரிலும் ஆட்டோமேட்டிக்கை பார்க்கிங்கிலும் வையுங்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் முக்கோண மரக்கட்டை வையுங்கள். டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். இந்த வேலைக்கு 2 அல்லது 3 டன் டிராலி ஜாக்கி வேண்டும். கையேட்டில் காட்டியிருக்கும் தூக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை இறக்கி எடையை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். பிறகு காரின் ஓரத்தைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஸ்டெப்னியை ஓரச் சட்டத்துக்குக் கீழே படுக்கவைத்து விடுவது என் பழக்கம்.

வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஒரு நிமிட வேலை என்றாலும் வேண்டாம். ஜாக்கியின் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல் போனால், நகர்வதற்கு நேரம் கிடையாது. ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கும் வேலையும் கூடாது. அவை விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை. ஒரே நொடியில் நொறுங்கும்.

இரண்டாவது வழி: சாய்தளம்

இரண்டு சாய்தளங்களை முன்சக்கரங்களுக்கு நேராக வைத்து, காரை மெதுவாக ஏற்றி நிறுத்துவது. என் விருப்பம் இதுதான். ஜாக்கி வைக்கும் இடம் தேடுவது, ஸ்டாண்டு அசைகிறதா என்ற கவலை, எதுவும் இல்லை. கார் தன் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது.

இதில் இரண்டு சிக்கல். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் சக்கரம் தொட்டதும் சாய்தளம் முன்னால் வழுக்கி ஓடும். அடியில் ரப்பர் பாய் போட்டு, பாயின் நுனி சக்கரத்துக்குக் கீழே வரும்படி வைத்தால் காரின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றது, மேலே போய் எங்கே நிறுத்துவது என்று டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துக் கை காட்டச் சொல்லுங்கள். நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஏறியதும் ஹேண்ட்பிரேக், கியர், பின்சக்கரத்துக்குக் கட்டை. பம்பர் தாழ்ந்த கார்களுக்குச் சரிவு நீளமான சாய்தளமாகப் பார்த்து வாங்குங்கள்.

முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் ஆயில் முழுக்க வடியுமா என்று கேட்பார்கள். டிரெயின் போல்ட் சம்ப்பின் பின்பக்கம் இருந்தால் இந்தச் சாய்வு நமக்குச் சாதகம். பக்கவாட்டிலோ முன்பக்கமோ இருந்தால், வடிந்து முடியும் நேரத்தில் போல்ட்டை லேசாக மாட்டி, காரைச் சமமாக இறக்கி, மிச்சத்தையும் வடியவிடலாம்.

மூன்றாவது வழி: தூக்காமலே

பொலேரோ, ஸ்கார்பியோ, பழைய சுமோ போன்ற உயரமான வண்டிகளைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. அட்டையை விரித்துப் படுத்தால் கை எட்டும். சில பழைய வீடுகளிலும், லாரி ஷெட்களிலும் வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் பள்ளமான பிட் இருக்கும். நிமிர்ந்து நின்று செய்யலாம், சுகமான வேலை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். எரியும் எதையும் பிட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்; நீங்கள் உள்ளே இருக்கும்போது இன்ஜினை ஓடவிடவும் வேண்டாம்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இனி வடிப்பது ஒரே மாதிரிதான்.

வடிக்கும் வேலை

தூக்கி நிறுத்துவதற்கு முன்பே இன்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த உடனே கை வைத்தால் தோல் வெந்துபோகும். அரைமணி, முக்கால் மணி ஆற விடுங்கள். பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள். காற்று உள்ளே போனால் கீழே சீராக இறங்கும். மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். காபி நுரை போல வெளுத்த பசை கொஞ்சம் இருந்தால் அது பெரும்பாலும் குறுகிய ஓட்டத்தால் சேர்ந்த ஈரம். கேஜிலும் அப்படியே பால் கலந்தது போல இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மாற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கீழே போனதும் எது இன்ஜின் போல்ட், எது கியர்பாக்ஸ் போல்ட் என்று உறுதி செய்யுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கார்கள் உண்டு. கியர் ஆயிலை வடித்துவிட்டு, இருந்த இன்ஜின் ஆயிலின் மேலேயே இன்னொரு மூன்று லிட்டரை ஊற்றி, இரண்டையும் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயில் ஃபில்டர் எந்தப் பகுதியில் திருகியிருக்கிறதோ அதுதான் இன்ஜின். அதற்கு அடியில் இருக்கும் சட்டி போன்ற பாகம் சம்ப்.

தொட்டியை வைத்து, ஸ்பேனரால் போல்ட்டை இடஞ்சுழியாக முதல் அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு விரலால் சுற்றுங்கள். சுற்றும்போது போல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றுவதுதான் நுணுக்கம். கடைசி மரை விட்டதை விரல் உணரும். அதுவரை இரண்டு சொட்டு கசியுமே தவிர கொட்டாது. உணர்ந்த கணத்தில் கையை வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். கையுறையில் ஆயில் படாமல் போல்ட் கையோடு வரும்.

தாரை முதலில் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாய்ந்து விழும். அங்கேதான் தொட்டி இருக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய வில் போன்ற அந்த வளைவு சுருங்கி, துளைக்கு நேர் கீழே வந்துவிடும். தொட்டியை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே வாருங்கள். முதல் தடவை செய்பவர்கள் தரையைக் கறையாக்குவது இந்த இடத்தில்தான். பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே நான்கைந்து எண்ண முடிந்தால் போதும்.

அதுவரை போல்ட்டைப் பாருங்கள். சில போல்ட்டுகளின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில், துண்டு இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய வாஷர் சம்ப்பிலேயே ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். துளையின் வாயைத் துடைத்து, புது வாஷரோடு போல்ட்டை விரலால் ஏற்றுங்கள். முதல் நான்கு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் மரை குறுக்கே ஏறுகிறது. பின்னுக்குக் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர் அல்லது டார்க் ரெஞ்சு.

உள்ளே மிச்சம் இருப்பதைக் கழுவுகிறேன் என்று டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி இன்ஜினை ஓடவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவை பேரிங்குகளின் மேல் இருக்கும் ஆயில் படலத்தைக் கரைத்துவிடும். உள்ளே தங்கும் மிச்சம் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். பழைய ஆயில் நூறு, இருநூறு மில்லி தங்கினால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஃபில்டர்

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஃபில்டர் தகர டப்பா வடிவில், மொத்தமாகத் திருகிக் கழற்றுவதாக இருக்கும். கையாலேயே வந்தால் நல்லது. வழுக்கினால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள், பாதிக் கார்களில் இதுவே போதும். அசையாவிட்டால் கப் ரெஞ்சு. ஸ்குரூடிரைவரால் குத்தித் துளைத்துத் திருப்பும் வித்தை தகரத்தைக் கிழித்து, பிடிக்கவே இடம் இல்லாமல் செய்துவிடும். கழன்றதும் உள்ளிருந்து கால் லிட்டர் வரை ஆயில் கொட்டும், தொட்டி கீழேயே இருக்கட்டும்.

இப்போது கழற்றிய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூடக் கசியாது. வண்டி வேகமெடுத்து ஆயில் அழுத்தம் ஏறும்போது வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் சம்ப்பே காலியாகும். இன்ஜின் அதோடு போச்சு. எனவே வளையம் எங்கே என்று கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இன்ஜின் பக்கத்து முகத்தைத் துடையுங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவுங்கள். வாய் மேல்நோக்கி மாட்டும் வகை என்றால் பாதி ஆயில் ஊற்றியே மாட்டலாம். கையால் திருகி, வளையம் முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து இன்னொரு முக்கால் சுற்று. கையால்தான், ரெஞ்சு கழற்ற மட்டும்.

பிஎம்டபிள்யூ, பென்ஸ் கார்களிலும் பல டீசல் கார்களிலும் காகித உருளை மட்டும் மாறும். மேலே பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை, அதே பள்ளத்தில், கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மூடியிலேயே அச்சாகி இருக்கும்.

நான்காவது வழி: மேலிருந்து உறிஞ்சுவது

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இது வரம். கேஜ் போகும் குழாய் வழியே மெல்லிய டியூபை சம்ப்பின் அடிவரை விட்டு, கைப்பம்பால் வெற்றிடம் உண்டாக்கினால் ஆயில் ஏறி டப்பாவுக்குள் வந்துவிடும். ஜாக்கி இல்லை, படுக்க வேண்டாம், மரையைத் தொடவே வேண்டாம். ஃபில்டரும் மேலேயே இருக்கும் கார் என்றால் சட்டையில் கறை படாமல் வேலை முடியும்.

ஆயில் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், ஆறியது டியூபில் ஏறாது. டியூபை மெதுவாக விட்டு, அடி தட்டுவதை விரலால் உணருங்கள். அதற்கு மேலும் தள்ளினால் உள்ளே வளைந்து மேல்நோக்கித் திரும்பிவிடும், பாதி ஆயில்தான் வரும். உறிஞ்சும் சத்தம் கர்கர் என்று காற்றாக மாறியதும் டியூபை ஒரு அங்குலம் மேலும் கீழும் நகர்த்தி, கொஞ்சம் திருப்பி மறுபடி முயலுங்கள். கடைசியில் வந்த அளவைக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். 3 லிட்டர் இன்ஜினில் 2 லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால் உங்கள் கார் இந்த வழிக்கு ஒத்துவராது. சில இன்ஜின்களில் கேஜ் குழாய் சம்ப்பின் அடிவரை டியூபை விடாது, தடுப்புத் தகடு மறிக்கும். சில புது ஐரோப்பியக் கார்களில் கேஜே இல்லை.

இதன் குறை, அடியில் தங்கும் கசடையும் உலோகத் துகளையும் காட்டாது என்பது. இரண்டு தடவை உறிஞ்சினால் மூன்றாவது தடவை போல்ட்டைக் கழற்றி வடியுங்கள் என்பேன். காருக்கு அடியில் எங்கே கசிகிறது, எந்த ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது என்று பார்க்கவும் அதுதான் சந்தர்ப்பம்.

போல்ட்டுக்குப் பதிலாகத் திருகு குழாய் போன்ற வால்வைப் பொருத்தும் வழியும் உண்டு. நெம்புகோலைத் திருப்பினால் ஆயில் இறங்கும். மரைக்கு நல்லது. ஆனால் அது சம்ப்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளைக்கோடு கூடப் போடாத நம் வேகத்தடைகளில் அடிபடும் தாழ்வான கார்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அடியில் காப்புத் தகடு உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும்.

ஊற்றுவது

ஏற்றி வைத்த காரைச் சமதளத்தில் இறக்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். கையேடு 3.1 லிட்டர் என்றால் முதலில் 2.7 ஊற்றுங்கள். மூன்று நிமிடம் பொறுத்து கேஜை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், டர்போ கார் என்றால் கண்டிப்பாகக் கூடாது. ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து போல்ட்டையும் ஃபில்டரையும் பாருங்கள்.

இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேஜ். ஃபில்டர் நிரம்பியதால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நூறு, நூறு மில்லியாக ஊற்றி மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மேல்கோட்டைத் தாண்டவிடாதீர்கள், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது. தாண்டிவிட்டால் உறிஞ்சு பம்பாலோ, போல்ட்டை லேசாகத் தளர்த்தியோ எடுத்துவிடுங்கள்.

பழைய ஆயில்

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் இடம்பெற்றிருக்கிறது. அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மேல் விதிக்கப்பட்டிருக்கிறது. நம் பங்குக்கு, புது ஆயில் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் ஊற்றி எடுத்துக்கொண்டால் டப்பாவைக் கிழித்துவிடுங்கள். பழைய ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடித்து, கவரில் கட்டி அதோடு கொடுங்கள்.

சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்பார்கள். கொசுவுக்குச் சாக்கடையில் ஊற்றச் சொல்வார்கள். கரையானுக்கு மரத்தடியில் விடுவார்கள். மூன்றுமே மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. போர் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தோலுக்கும் அது ஆகாது. தொடர்ந்து படுவது தோல் புற்றுநோய்க்கு வழிவைக்கலாம். கையுறை போடச் சொன்னது அதனால்தான்.

தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைத் தூவி, செருப்பால் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கறை பரவும்.

அன்று இரவு காருக்கு அடியில், போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் நேராக அந்த அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அட்டையையும் கேஜையும் பாருங்கள். அட்டையில் புதுச் சொட்டு இல்லையென்றால், தேதி, கி.மீ., ஆயிலின் கிரேடு மூன்றையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். நூறு கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை குனிந்து போல்ட்டைப் பாருங்கள்.